டங், தொப்

நான்கு போல்ட்டில் மூன்று கழன்றன.
நான்காவதுக்கு மண்ணெண்ணெய் விட்டுவிட்டுத்
தேத்தண்ணி குடித்தோம், நானும் நஸ்மி நானாவும்.
டிக்கோயாவில் அன்று மழை விட்டது
மொத்தமே ஒன்றரை மணி நேரம்.
சீற்றைத் தூக்கி வெளியே வைத்ததும்
மொரிஸ் மைனர்
பல் கழற்றி வைத்த வாயாகிவிட்டது.

கம்பளத்துக்குக் கீழே சணல்.
சணலுக்குக் கீழே அழுகிய சணல்.
அதற்கும் கீழே
பூவிளிம்புப் பத்துச் சதம் ஒன்று,
கொண்டை ஊசி இரண்டு.
யாருடையதென்று ஜெசிந்தா கேட்கவில்லை.
ஆனால் எடுத்துப் பார்த்தாள்.

பதினொரு வருடம் இதில்தான் அவளை ஏற்றிப் போகிறேன்.
மருத்துவிச்சிக்கு நேரம் காலம் ஏது.
நோர்வூட் ஏற்றத்தில் இரண்டாம் கியரில்
வண்டி போடும் கூச்சலுக்கு மேலே
நான் சொன்னதெல்லாம் கத்திச் சொன்னது:
லோன் கட்டி முடித்த கதை,
அண்ணனோடு பேச்சு நின்ற கதை.
ஒருமுறை மன்னிப்பும் கேட்டேன்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

தார்த் தகடு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்தது,
ஒரு பக்கம் வெள்ளித்தாள்,
மறுபக்கம் கையை விடாத கறுப்பு.
மணம் ஏறியதும் நானா சிரித்தார்:
"அம்பத்தெட்டாம் ஆண்டு வண்டி.
நம்பர் பிளேட்டு ஸ்ரீக்கு மேல
ஆளாளுக்குத் தார் பூசின வருஷம்.
அன்டைக்கி வெளிய பூசின.
இப்ப நாங்க உள்ளுக்குப் பூசுற, சத்தம் வராம."
நான் சிரிக்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தேன்.

துருவைச் சுரண்டி, தின்னர் தொட்டுத் துடைத்து,
ஜெசிந்தாவின் முடி காயவைக்கும் மெஷினால் சூடு காட்டி,
சப்பாத்திக் கட்டையால் உருட்டி உருட்டி ஒட்டினோம்.
நானா கதவைத் தட்டினார்: டங்.
கை அகலத் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டுத் தட்டினார்: தொப்.
"முழுக்க மூடத் தேவல்ல தம்பி.
நடுங்குற இடத்தில ஒன்டு போதும்.
ஆனா எங்க நடுங்குதென்டு
தகரம் தானாச் சொல்லாது."

அவள் வந்தாள். காதைச் சாய்த்து
பின்சக்கர வளைவில் கைவைத்தாள்,
ஏழு மாத வயிற்றில் தலை எந்தப் பக்கமென்று
தேடுகிற அதே கை.
"இங்க."
தட்டினோம்.
டங்.

எஞ்சின் சுவருக்கு இரட்டைப் படை வைத்தோம்,
வெக்கை ஒரு சொட்டும் உள்ளே வராதபடி.

முதல் ஓட்டம் ஞாயிறு இரவு, பொகவந்தலாவைக்கு.
ஐந்தாம் நம்பர் லயத்தில் ஒருத்திக்கு வலி.
கூரையில் மழை, அடுத்த வீட்டு மழை மாதிரி.
பழக்கத்தில் கத்தினேன்.
"ஏன் கத்துற?" என்றாள்.
பிறகு ஒரு வளைவு தாண்டி:
"உண்மையச் சொல்லவா,
இத்தனை வருஷமா ஒண்ணுமே கேக்கல.
சும்மா தலையாட்டினேன்."

அந்த மன்னிப்பைப் பற்றி நான் கேட்கவில்லை.
கேட்டதும் கேட்காததும்
ஒரே சொல்லாகிப் போன இந்த மொழியில்
அதை எப்படித் தொடங்குவது?
வைப்பர் இரண்டு தடவை போய் வந்தது.

"கால் விறைக்குது," என்றாள்.

அப்போதுதான் புரிந்தது:
எஞ்சினிலிருந்து ஒழுகிய வெக்கையில்தான்
அவள் பாதம் பதினொரு மாரி கடந்திருக்கிறது.
திங்கட்கிழமை இடப்பக்கத்தில்
ஒரு உள்ளங்கை அளவு வெட்டி எடுத்தோம்.
"காசு குடுத்து ஒட்டி, காசு குடுத்து வெட்டுற
முதல் ஆள் நீங்க," என்று நானா முனகினார்.
வெட்டிய துண்டு இப்போது
ஆடும் குசினி மேசையின் ஒரு காலுக்கடியில்.

இவ்வளவு அமைதியான பிறகு
புதிதாக ஒரு சத்தம்,
டாஷ்போர்ட்டுக்குள் எங்கேயோ
டிக் டிக் டிக்.
நானாவும் தேடினார். அகப்படவில்லை.

நேற்று பெற்றோல் செட்டில் வரிசையில் நிற்கும்போது
பையிலிருந்து மரக்குழலை எடுத்தாள்,
ஒரு முனையை டாஷ்போர்ட்டில் ஊன்றி
மறுமுனையில் காதை வைத்து
கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே
உதடு அசைய எண்ணினாள்.
நான் எஞ்சினைக்கூட நிறுத்தவில்லை,
மூச்சை மட்டும் நிறுத்தியிருந்தேன்.

"நல்லா இருக்கு," என்றாள்.
"முன்னால வண்டி நகந்துருச்சு, பாரு."